எட்டு என்றார் மாஸ்டர்

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால், ஐஸ் உடைக்கும் கொட்டகையை ஒட்டி, ஒரு குத்துச்சண்டை மன்றம் இருக்கிறது. மன்றம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை, கயிறு கட்டிய மேடை, உத்தரத்தில் தொங்கும் மணல் மூட்டைகள், நீலப் பெயின்ட் அடித்த ஒரு வாசல் நிலை. அவ்வளவுதான் சொத்து.

அங்கே கற்றுக்கொடுப்பவர் ஞானசௌந்தரி. எல்லோருக்கும் ஞானம் மாஸ்டர். நல்ல உயரம். பேச்சுதான் வராது. கேட்டதற்கு ஒரு வார்த்தை சொல்வார், அதுவும் மனசு வந்தால். காலையில் மன்றத்தில் பயிற்சி கொடுத்துவிட்டு, அப்படியே மாநகராட்சிப் பள்ளிக்கு விளையாட்டு ஆசிரியையாகப் போய்விடுவார்.

அவரிடம் கற்றுக்கொள்கிறவன் எபிநேசர். கொட்டகையில் ஐஸ் பாளம் சுமக்கிறவன். தோளும் நெஞ்சும் உருண்டு திரண்டிருக்கும். உயரம் மட்டும் ஐந்தடி இரண்டு அங்குலம். துறைமுகத்தில் அவனுக்கு ‘அரை டிக்கெட்’ என்று பெயர். முகத்துக்கு நேராகச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்கள் யாரும் கிடையாது.

மாஸ்டருக்கும் எபிக்கும் ஒரே வயசு. ஒரே வகுப்பில் படித்தவர்கள். காலைக் கூட்டத்தில் உயரப்படி நிற்கவைத்தால், பையன்கள் வரிசையில் எபி முதல் ஆள், பெண்கள் வரிசையில் ஞானம் கடைசி ஆள்.

அதனால் இருவருக்கும் நடுவில் ஓர் ஏற்பாடு இருந்தது. நீல நிலைக்கு உள்ளே வந்துவிட்டால் அவர் மாஸ்டர். ‘வாங்க’, ‘சொல்லுங்க’. நிலையைத் தாண்டி வெளியே போய்விட்டால் வெறும் ஞானம். ‘வா’, ‘போ’. மாஸ்டரும் அப்படித்தான். வெளியே நின்றால் வாய்க்கு வாய் ‘டா’ போடுவார். உள்ளே மறந்தும் போடமாட்டார். போட்டி மேடையும் ‘உள்ளே’ கணக்குதான்.

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி வந்தது. அறுபது கிலோ பிரிவில் எபியோடு மோதப்போகிறவன் ரூபன் என்று தெரிந்தது. ரூபன் ஐந்தடி பதினொன்று.

தராசுக்கு உயரம் தெரியாது. இரண்டு பேருக்கும் அறுபது என்றுதான் காட்டும். எபியின் அறுபது கிலோ அகலத்தில் இருந்தது. ரூபனின் அறுபது கிலோ நீளத்தில் இருந்தது.

போன வருஷமும் இதே ரூபன்தான். முதல் ரவுண்டிலேயே எங்கிருந்தோ ஒரு கை நீண்டு வந்தது. எபி விழுந்தான். ரெஃப்ரி மூன்று எண்ணுவதற்குள் ரோஷமாகத் துள்ளி எழுந்தான். மிச்ச எண்ணிக்கை முழுவதும் தலை சுற்றச் சுற்ற நின்றுகொண்டே இருந்தான். மறுபடி அதே கை வந்தது. அவன் கண் விழித்தபோது ரூபன் கீழே இறங்கி, யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

இந்தத் தடவை ஜெயித்தால் மாநில அணி. மாநில அணியில் இருந்தால் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போகலாம். அடுத்த வருஷம் எபிக்கு அதற்கான வயசு தாண்டிவிடும். அப்புறம் ஆயுசுக்கும் ஐஸ்தான். இப்போதே வலது தோள் பாதி நேரம் மரத்துப்போய்க் கிடக்கிறது. அவனுக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

போட்டி உறுதியான அன்று, ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, வாசல் நிலையில் ரூபனின் உயரத்துக்குச் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தான். மறுநாளிலிருந்து காலையில் உள்ளே வரும்போதெல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பான். முஷ்டியை மடக்கி மேலே நீட்டிப் பார்ப்பான். பெருமூச்சு விடுவான். அப்புறம்தான் உள்ளே வருவான்.

மாஸ்டர் பார்ப்பார்.

ஒரு நாள் காலை. படகுகள் கரைக்கு வந்துவிட்டன. பக்கத்துக் கொட்டகையில் ஐஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பயிற்சி முடிந்து மாஸ்டர் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தவரின் எதிரில் போய் எபி நின்றான்.

“மாஸ்டர்.”

மாஸ்டர் நிமிர்ந்தார்.

“பாக்ஸிங்ல ஒயரம் எவ்ளோ முக்கியம் மாஸ்டர்?”

மாஸ்டர் அவனைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

“எட்டு.”

“எட்டா?”

“எட்டு.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிலையைத் தாண்டிப் போய்விட்டார்.

எபி நின்ற இடத்திலேயே நின்றான். அந்தப் பக்கம் பஷீர் மணல் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தான். பஷீர் கருவாட்டு வியாபாரி. எபியோடு சேர்ந்து பயிற்சி எடுக்கிறவன். எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்.

“பஷீரு, எட்டுன்றாங்கப்பா. இன்னா அர்த்தம்?”

“இன்னா கேட்ட நீ?”

“ஒயரம் எவ்ளோ முக்கியம்னு கேட்டேன்.”

“அப்பறம் இன்னா? பத்துக்கு எட்டு. மார்க்கு.”

எபி விரலை மடக்கினான்.

“அப்ப மிச்சம் ரெண்டுதானா?”

“ரெண்டுதான். கையி, காலு, மூச்சு, தெகிரியம், எல்லாம் அந்த ரெண்டுலதான் அடங்கணும்.”

அன்றைக்கு அவன் சுமந்த ஐஸ் பாளங்கள் வழக்கத்தைவிடக் கனத்தன. மத்தியானம் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பஷீரே ஓடி வந்தான்.

“ராத்திரி பூரா யோசிச்சேன். நேத்து நான் சொன்னது தப்புபா.”

“எப்டி?”

“பத்துக்குன்னா பத்துக்கு எட்டுன்னு சொல்லி இருப்பாங்கல்ல? வெறும் எட்டுன்னாங்க. அப்டின்னா ரெஃப்ரி எட்டு.”

விழுந்தவனுக்கு ரெஃப்ரி எட்டு வரை எண்ணுவார். மூன்றிலேயே எழுந்துவிட்டாலும் விடமாட்டார், எட்டு வரை எண்ணித்தான் தீர்வார். அதன் பிறகுதான் சண்டை தொடரும்.

“போன வருசம் இன்னா பண்ண? மூணுலயே எகிறிக் குதிச்சு எய்ந்த. மிச்ச அஞ்சும் ஆடிக்கினே நின்ன. உக்காந்துகினு எட்டையும் வாங்கிக்கோன்றாங்க.”

“மண்டி போட்டு உக்காரச் சொல்றியா?”

“இன்னா தப்பு?”

ஏற்கெனவே குட்டை. மண்டி போட்டால் இன்னும் குட்டை. நூறு பேர் பார்க்க அப்படி உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே உடம்பு கூசியது.

“ஆமா, ஒயரத்தப் பத்திக் கேட்டா வுய்றதப் பத்தி ஏன் சொல்றாங்க?”

பஷீர் மணல் மூட்டைக்கு ஒரு குத்து விட்டான்.

“ஒயரத்துலேர்ந்துதான வுய்வாங்க?”

எபிக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. இருந்தாலும் பழக ஆரம்பித்தான். பஷீர் குத்துவான். எபி மண்டி போடுவான். பஷீர் எண்ணுவான். ஏழு வரும்வரை எபி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், எட்டில் எழுவான். இப்படியே நாள்கள் போயின. மாஸ்டர் ஓரமாக நின்று டீ குடித்தபடி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

“மாஸ்டர் ஒண்ணும் சொல்லலன்னா சரின்னு அர்த்தம்” என்றான் பஷீர்.

“தப்புன்னாலும் அவுங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்களே” என்றான் எபி.

பஷீர் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.

ஒரு நாள் எபி ஒரு ஜூஸ் கடைக்கு ஐஸ் கொண்டுபோனான். கடைக்கு எதிரில் ஒரு மைதானம். அங்கே லைசென்ஸ் வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு பெண் ஸ்கூட்டரில் ஏறினாள். அதிகாரி சொன்னது சாலைவரை கேட்டது.

“எட்டு போடும்மா. கால ஊணக் கூடாது.”

எபி ஐஸைக் கீழே போட்டுவிட்டான்.

அந்தப் பெண் எதையும் நேராகப் போய் மோதவில்லை. ஒரு பக்கம் வளைந்து போனாள், நடுவில் குறுக்கே வந்தாள், மறுபக்கம் வளைந்தாள். போகும்போது தூரமாகத் தெரிந்தவள் திரும்பும்போது சட்டென்று கிட்டத்தில் வந்தாள். கால் ஊன்றவே இல்லை.

“எண்றது இல்லடா, போடறது!” என்று எபி நடுரோட்டில் நின்று சொன்னான். ஜூஸ் கடைக்காரர் ஐஸுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

மறுநாள் காலை மன்றத்தில் இரண்டு மீன் பெட்டிகளைப் போட்டான். இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு, பெட்டிகளைச் சுற்றி எட்டு வடிவத்தில் நடந்தான். வளையும் இடத்தில் தோள் தானாகவே சாய்ந்தது. இடுப்பு இறங்கியது. அது பிடித்திருந்தது. சாயங்காலம் துறைமுகத்திலும் நடந்தான்.

“இன்னா எபி, சக்கரையா? டாக்டர் எட்டு நடக்கச் சொன்னாரா?” என்று வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அக்கறையாக விசாரித்தார்கள். அவர்களில் சர்க்கரை உள்ள இரண்டு பேர் அவன் பின்னாலேயே நடக்கவும் ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் காலையில் மாஸ்டர் மன்றத்துக்குள் குறுக்கே போகும்போது, இரண்டு பெட்டிகளில் ஒன்றைக் காலால் தள்ளிவிட்டுப் போனார். பெட்டிகள் நெருங்கிவிட்டன. எட்டு சின்னதாகிவிட்டது.

எபி பஷீரைப் பார்த்தான். பஷீர் எபியைப் பார்த்தான்.

“சின்ன எட்டு” என்றான் பஷீர் மெதுவாக.

அன்றிலிருந்து எபி சின்ன எட்டாகப் போட்டான். இரண்டடிக்குள் வளைந்து வளைந்து, தலை சுற்றி, ஒருமுறை வாந்தியும் எடுத்தான். எந்த நேரமும் எட்டு நினைப்புதான். குளிக்கும்போது எட்டு. சோற்றைப் பிசையும்போது தட்டில் விரல் எட்டு போட்டது. காலையில் மன்றத்துக்குள் ஓட்டமாக வருவான், பெட்டிகளைப் போடுவான், ஆரம்பித்துவிடுவான்.

இருந்தாலும் குழப்பம் தீரவில்லை. எண்ணுவதா, போடுவதா? இரண்டும் சரி என்றால் இரண்டுக்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம்? போட்டி நெருங்க நெருங்க மண்டை வெடித்துவிடும் போல் இருந்தது. மன்றத்துக்குள் மறுபடி கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. வெளியே கேட்கலாம், வெளியே அவள் வெறும் ஞானம்தானே என்று ஒரு நாள் பள்ளிக்கே போனான்.

மைதானத்தில் பிள்ளைகள் உயரப்படி வரிசையில் நின்றார்கள். ஞானம் விசிலோடு நின்றாள்.

“ஞானம், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.”

“இருடா.”

விசில் அடித்தது.

“பின்னால் திரும்பு!”

வரிசை மொத்தமும் திரும்பியது. முதல் ஆளாக நின்ற குட்டிப் பையன் கடைசி ஆளாகிவிட்டான். கடைசியில் நின்ற நெட்டைப் பையன் முதல் ஆளாகிவிட்டான். யாரும் ஓர் அடிகூட நகரவில்லை.

எபிக்கு உடம்பு சிலிர்த்தது.

“இப்ப சொல்லு. இன்னா கேக்கணும்?” என்றாள் ஞானம்.

“ஒண்ணுல்ல.”

பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துத் திரும்பி நடந்தான். பஸ் நிறுத்தம் வந்தபோதுதான், கிடைத்த பதில் என்னவென்று தனக்குத் தெரியவில்லை என்பது புரிந்தது. வந்ததைவிட அதிகக் குழப்பத்தோடு பஸ் ஏறினான்.

போட்டி நாள் வந்தது. பெரிய அரங்கம். தராசில் ஏறினார்கள். அறுபது, அறுபது.

முதல் ரவுண்டு மணி அடித்தது. ரூபனின் இடது கை வந்தது. மறுபடி வந்தது. வந்துகொண்டே இருந்தது. எபி நெற்றியில் வாங்கினான், மூக்கில் வாங்கினான். அவன் குத்தியதெல்லாம் காற்றில் போனது. கடைசியாகத் தாடையில் ஒன்று விழுந்தது. அரங்கத்து விளக்குகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன.

ரெஃப்ரி எண்ண ஆரம்பித்தார்.

“அரை டிக்கெட்டு எறங்கிடுச்சுடோய்!” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். சுற்றிலும் சிரிப்பு.

எபிக்குக் காது வரை சுட்டது. துள்ளி எழ வேண்டும்போல் கால் துடித்தது. எழவில்லை. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, எல்லோரும் பார்க்க, உட்கார்ந்திருந்தான். பஷீர் எண்ணிய அதே வேகத்தில் ரெஃப்ரியும் எண்ணினார். சாய்ந்த விளக்குகள் நேராயின. மூச்சு வந்தது. ஏழில் பாதத்தை ஊன்றினான். எட்டில் நின்றான். கால் ஆடவில்லை.

ரவுண்டு முடிந்து மூலையில் உட்கார்ந்தான். மாஸ்டர் வாயில் தண்ணீர் ஊற்றினார்.

“மாஸ்டர், எட்டு சரியா வாங்கினேனா?”

வாயில் தண்ணீர் இருந்ததால் அது வேறு ஏதோ போலக் கேட்டது.

“துப்பு” என்றார் மாஸ்டர்.

என்ன துப்பு கொடுக்கிறார் என்று எபி யோசித்தான். தண்ணீரைச் சொல்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

இரண்டாவது ரவுண்டில் எபி எட்டு போட்டான். மேடையில் பெட்டி இல்லை. ரூபனின் இடது பாதம் ஒரு பெட்டி, வலது பாதம் ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டான். அந்தப் பாதங்களை மட்டுமே பார்த்தான். இந்தப் பக்கம் வளைந்தான், குறுக்கே வந்தான், அந்தப் பக்கம் வளைந்தான். ரூபனின் கை அவன் இருந்த இடத்துக்கு வந்துசேரும்போது அவன் அங்கே இல்லை. குறுக்கே வரும்போதெல்லாம் விலாவில் இரண்டு குத்தினான். ஐஸ் சுமந்த தோள் அது. ரூபனின் வாய் திறந்துகொண்டது.

மூன்றாவது ரவுண்டில் இருவருக்கும் சத்து தீர்ந்துபோனது. எபிக்குக் கால் கல்லாகிவிட்டது. எட்டு பாதியில் நின்றது. ரூபன் மூச்சு வாங்கியபடி பின்னால் போனான், கையை நீட்டியே அவனைத் தள்ளி நிறுத்தினான். யார் முன்னால் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எபி கயிற்றோரம் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தான்.

“எட்டு!”

மாஸ்டரின் குரல். அவர் மூலையிலிருந்து கத்தி எபி கேட்டதே கிடையாது.

“எட்டு!”

எண்ணச் சொல்கிறாரா? யாரும் விழவில்லையே. போடச் சொல்கிறாரா? கால் வரவில்லையே. அந்த ஒரு கணத்தில் அவனுக்கு எதுவும் விளங்கவில்லை.

பிறகு விளங்கியது. சின்ன வயசில் அலமாரிக்குக் கீழே நின்று கையை நீட்டியபோதெல்லாம் அவன் கேட்ட சொல் அது. எட்டலையா? இன்னும் கொஞ்சம் எட்டு. நல்லா எட்டு. எல்லோரும் அவனுக்கு எட்டாது எட்டாது என்று சொல்லிக்கொண்டிருக்க, இந்த ஓர் ஆள் அவன் கேட்ட அன்றே எட்டு என்று சொல்லியிருக்கிறார். அது எண்ணிக்கையே இல்லை. அவனுக்கு அழுகை வந்தது.

எபி எட்டினான். ரூபனின் கைக்குக் கீழே நுழைந்து, ஒரே ஓர் அடி முன்னால் வைத்து, இடது கையை மேலே விட்டான். அது தாடையில் போய்ச் சேர்ந்தது. ரூபன் உட்கார்ந்துவிட்டான்.

ரெஃப்ரி ஐந்து எண்ணும்போதே மணி அடித்துவிட்டது. ஐந்து நடுவர்களில் மூன்று பேர் எபி என்றார்கள், இரண்டு பேர் ரூபன் என்றார்கள். மாநில அணி. எபி மேடையிலேயே உட்கார்ந்து அழுதான். பஷீர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று இன்னும் சத்தமாக அழுதான்.

உடை மாற்றும் இடத்தில் ரூபன் தேடிக்கொண்டு வந்தான். இருபத்திரண்டு வயசுப் பையன். தாடையைப் பிடித்திருந்தான்.

“அண்ணே, அப்டி இன்னாண்ணே சொல்லிக்குடுத்தாங்க உங்க மாஸ்டரு?”

“எட்டு.”

“எட்டா?” ரூபன் விரல் விட்டு எண்ணினான். “எங்க வாத்தியார் மொத்தமே ஆறு குத்துதான சொல்லிக்குடுத்தாரு. மிச்சம் ரெண்டு இன்னாண்ணே?”

எபி அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான். வேறு என்ன செய்வது?

மறுநாள் கடலில் காற்று அதிகம். படகுகள் போகவில்லை. ஐஸ் மெஷினுக்கும் லீவு. மன்றம் அமைதியாக இருந்தது. எபி பழமும் பூவும் வாங்கிக்கொண்டு வந்து மாஸ்டரின் முன்னால் வைத்தான்.

“மாஸ்டர், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு.”

“அந்த எட்டு எனக்கு மூணு விதமாப் புரிஞ்சுது. எண்றது, போடறது, எட்றது. எதுங்க சரி?”

“எந்த எட்டு?”

“நீங்க சொன்ன எட்டு மாஸ்டர். ஒயரம் எவ்ளோ முக்கியம்னு கேட்டேனே, அன்னிக்கு. இங்கயே நின்னு.”

மாஸ்டர் யோசித்தார்.

“ஒயரமா கேட்ட?”

“ஆமா.”

“மெஷின் ஓடிக்கினு இருந்துச்சு. எவ்ளோன்றதுதான் காதுல வுய்ந்துது. மணி கேக்கறன்னு நெனச்சேன்.”

எபி அவரையே பார்த்தான்.

“மணி எட்டு” என்றார் மாஸ்டர்.

பஷீர் மணல் மூட்டையைப் பிடித்துக்கொண்டான்.

“பொட்டிய ஏன் மாஸ்டர் தள்ளிவெச்சீங்க?”

“வழில இருந்துச்சு.”

“ஸ்கூல்ல புள்ளைங்கள ஏன் திருப்பி நிக்கவெச்சீங்க?”

“வெயிலு மூஞ்சில அடிச்சுது. பாவம்.”

“மூணாவது ரவுண்டுல? எட்டு எட்டுன்னு கத்தனீங்களே?”

“எட்டு செகண்டு பாக்கி.”

எபிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. நேற்று மேடையில் அழுத அழுகை நினைவுக்கு வந்து, அது இன்னும் எரிந்தது.

“மண்டி போட்டேன். ஊரே சிரிக்க எட்டு போட்டேன். வாந்தி எடுத்தேன். எல்லாம் பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்.”

“இது எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?”

மாஸ்டர் கைக்கடிகாரத்தைக் கட்டினார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

“நெலையில ஒரு கோடு போட்டு வெச்சிருந்தியே. தெனம் வந்து அதுக்குக் கீய நிப்ப.”

“ஆமா. ரூபன் ஒயரம்.”

“எங்க அது?”

எபி திரும்பிப் பார்த்தான். நீல நிலையில் நீலப் பெயின்ட் மட்டும்தான் இருந்தது. கிட்டத்தில் போனான். தடவிப் பார்த்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறியும் பார்த்தான். சாக்பீஸ் தூள்கூட இல்லை.

“கடக்காத்துல அய்ஞ்சுட்டுதா? யாராவது தொடச்சுட்டாங்களா?”

மாஸ்டர் அவனைத் தாண்டி நடந்தார்.

“மாஸ்டர், எப்பங்க அய்ஞ்சுது?”

ஞானம் நிலைக்கு வெளியே போய் நின்று திரும்பினாள்.

“எனக்கு எப்டிடா தெரியும்? தெனம் அதப் பாத்துக்கினு இருந்தவன் நீதான?”